உகாண்டாவில் நைல் நதிப் படகுப் பயணம்: தடுப்பூசி முதல் படகுத்துறை வரை

நைல் என்றால் நம் ஆட்களுக்கு எகிப்துதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் காட்டு நதியாக, கரையெல்லாம் யானையும் நீர்யானையும் முதலையுமாக நைலைப் பார்க்க வேண்டுமென்றால் உகாண்டாவுக்குத்தான் போக வேண்டும். அங்கே மர்ச்சிசன் அருவி தேசியப் பூங்காவில், பாரா என்ற துறையிலிருந்து நதியை எதிர்த்து சுமார் 17 கிலோமீட்டர் படகில் போனால், முழு நைலும் ஏழெட்டு மீட்டர் அகலப் பாறை இடுக்கில் நுழைந்து நாற்பது மீட்டருக்கும் மேல் விழுகிற இடத்தின் அடிவாரத்துக்கு வந்து சேரலாம். நான் பார்த்த நதிப் பயணங்களில் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல மாட்டேன்.

படகில் ஏறிவிட்டால் கவலையில்லை, எல்லாவற்றையும் வழிகாட்டி பார்த்துக்கொள்வார். சிரமமெல்லாம் அதற்கு முன்னால்தான். எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு, யாரிடம் என்ன கேட்பது என்று ஒரே இடத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில், தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகரும்.

1. முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும், ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரையும் மழை குறைவு. புல் காய்ந்து உயரம் குறைந்திருக்கும், விலங்குகள் தண்ணீருக்காகக் கரைக்கு வரும். மார்ச் கடைசியிலிருந்து மே வரை நல்ல மழை. அப்போது போனால் விடுதி விலை இறங்கும், பசுமையும் இருக்கும், ஆனால் காட்டுக்குள் மண்சாலை சேறாகி வண்டி சிக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரிதான் என் பரிந்துரை. கிறிஸ்துமஸ் வாரத்தை விட்டுவிடுங்கள், விடுதிகளும் படகுகளும் நிரம்பிவிடும்.

பயணத் தேதிக்கு இரண்டரை மாதம் முன்னால் வேலையைத் தொடங்கினால் நிதானமாக முடிக்கலாம்.

2. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: விசாவுக்கும் முன்னால் இதுதான்

பலரும் தடுமாறுகிற இடம் இது. விமான டிக்கெட், விசா எல்லாம் எடுத்த பிறகு தடுப்பூசியைப் பற்றி யோசிக்கிறார்கள். உகாண்டாவின் இணைய விசா விண்ணப்பத்திலேயே தடுப்பூசிச் சான்றிதழைப் பதிவேற்றச் சொல்கிறது. அட்டை கையில் இல்லாமல் விண்ணப்பத்தை முடிக்க முடியாது.

இந்த ஊசியை எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டும், துறைமுகச் சுகாதார அலுவலகமும் இருக்கின்றன. வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே போடுவார்கள், முன்பதிவும் வேண்டும். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால்தான் ஆட்களைச் சேர்த்து ஒரே நாளில் கூப்பிடுகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நாளைத் தொலைபேசியில் உறுதி செய்யாமல் பஸ் ஏற வேண்டாம். கட்டணம் சில நூறு ரூபாய்தான்.

பாஸ்போர்ட்டின் அசலும் நகலும் கொண்டுபோங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் தங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுப் போவது நல்லது. இந்த ஊசியை எல்லோருக்கும் போட முடியாது.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். 2016 ஜூலைக்கு முன்பு பத்தாண்டுக்கு ஒரு முறை போட வேண்டியிருந்தது, இப்போது அந்த விதி இல்லை.

அட்டையைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிவாக்கி அப்பா பெயராக இருக்கும், ஊசி போடுகிற இடத்தில் பழக்கத்தில் ‘எஸ்’ என்று ஒரு எழுத்தைப் போட்டுவிடுவார்கள். சிலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடமே காலியாக இருக்கும். தடுப்பூசி அட்டை, விசா, விமான டிக்கெட் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயர் இல்லாதவர்கள் எப்படிப் பதிவு செய்வது என்று விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு, அதன்படியே மற்றதையும் நிரப்புங்கள்.

3. விசா

உகாண்டா குடியேற்றத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முகவரி ‘ஜிஓ டாட் யுஜி’ என்று முடியும். தேடினால் அதே மாதிரித் தோற்றத்தில் தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும், இரண்டு மடங்கு கேட்கும். முகவரியின் முடிவைப் பார்க்காமல் வங்கிக் கார்டு எண்ணைக் கொடுக்காதீர்கள்.

சாதாரணச் சுற்றுலா விசா 50 டாலர், அதோடு சின்னதாக ஒரு வங்கிக் கட்டணம். ஒருமுறைதான் நுழையலாம். கென்யா, ருவாண்டாவும் போவதாக இருந்தால் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா 100 டாலர், 90 நாள், மூன்று நாட்டுக்கும் செல்லும். ஆனால் முதலில் எந்த நாட்டில் இறங்குகிறீர்களோ அந்த நாட்டின் வழியாகத்தான் அதை வாங்க வேண்டும். கென்யாவில் முதலில் இறங்கிவிட்டு உகாண்டா கொடுத்த கூட்டு விசாவைக் காட்டக் கூடாது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆறு மாதத்துக்கு மேல் செல்லும் பாஸ்போர்ட், அதன் முகப்புப் பக்க ஸ்கேன், புகைப்படம், தடுப்பூசி அட்டையின் ஸ்கேன், போய்வரும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு. டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் இந்தக் கட்டத்தில் ரத்து செய்யக்கூடியதாகவே எடுங்கள். ஸ்கேன் கோப்புகள் பெரிதாக இருந்தால் தளம் சத்தமில்லாமல் தொங்கிப்போகும், சுருக்கிவிட்டுப் பதிவேற்றுங்கள்.

அனுமதி மின்னஞ்சலில் வரும். பல நேரம் சில நாளில் வந்துவிடும், இருந்தாலும் மூன்று வாரம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். வருவது அனுமதிக் கடிதம்தான். அதை அச்செடுத்துக் கொண்டுபோனால் என்டெபே விமான நிலையத்தில் கைரேகையும் படமும் எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட்டில் விசாவைப் பதிப்பார்கள். கைப்பேசியில் காட்டினால் போதும் என்று இருக்காதீர்கள். இங்கே விமானம் ஏறும்போதே தாளைக் கேட்பார்கள்.

விமானம் பற்றிச் சுருக்கமாக: மும்பையிலிருந்து என்டெபேக்கு உகாண்டா ஏர்லைன்ஸ் 2023 முதல் நேரடிச் சேவை நடத்துகிறது. சென்னையிலிருந்து துபாய், தோஹா, அடிஸ் அபாபா வழியாகவும் போகலாம்.

4. முகவரைத் தேர்ந்தெடுப்பதும், விலைப்பட்டியலைப் பிரித்துக் கேட்பதும்

தனியாகவே வண்டி எடுத்துப் போகிறவர்களும் உண்டு. முதல் முறை போகிறவர்கள் ஓட்டுநர்-வழிகாட்டியோடு போவதுதான் நல்லது. உகாண்டா சுற்றுலா வாரியத்தின் உரிமம் இருக்கிறதா, உகாண்டா சுற்றுலா நடத்துநர் சங்கத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். இரண்டையும் அந்தந்த அமைப்பின் பட்டியலிலேயே சரிபார்க்கலாம்.

அப்புறம் விலை. ஒரே தொகையாகச் சொல்வதை ஏற்காதீர்கள். எங்களுக்கு ஏற்பாடு செய்த முகவர் “படகும் சேர்த்தி” என்று வாயால் சொன்னார். பாராத் துறைக்குப் போய்ப் பார்த்தால் அன்றைய பட்டியலில் எங்கள் பெயரே இல்லை. அவர் சொன்ன ‘படகு’, இடமிருந்தால் அங்கே போய் வாங்கித் தருவது. நல்ல வேளையாகக் கடைசி இருக்கைகள் கிடைத்தன, கிடைக்காமல் போயிருந்தால் அவ்வளவு தூரம் போனதற்கே பொருளில்லை. அதனால் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்:

படகுச் சீட்டு எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார் படகு, முன்பதிவு எண் என்ன? பொதுப்படகா, தனிப்படகா? பூங்கா நுழைவுக் கட்டணம் எத்தனை 24 மணி நேரத்துக்குச் சேர்ந்திருக்கிறது? டீசல், ஓட்டுநரின் சாப்பாடு, தங்கல் யார் செலவு? வண்டியின் கூரை திறக்குமா? அருவியின் மேல்பகுதிக்குக் கூட்டிப்போவது சேர்த்தியா?

முன்பணம் மூன்றில் ஒரு பங்கு கேட்பது வழக்கம். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

5. இருபத்துநாலு மணி நேரக் கணக்கு

பூங்கா நுழைவு வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 45 டாலர். இது ‘ஒரு நாளுக்கு’ இல்லை, வாயிலில் நுழைந்த நிமிடத்திலிருந்து 24 மணி நேரத்துக்கு. இதைப் புரிந்துகொண்டு திட்டம் போட்டால் இரண்டாவது 45 டாலரை மிச்சப்படுத்தலாம்.

படகுகள் பொதுவாகக் காலை எட்டு, ஒன்பது மணியளவிலும், பிற்பகல் இரண்டு மணியளவிலும் கிளம்பும். தலைநகர் கம்பாலாவிலிருந்து பாரா ஏறக்குறைய 300 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் கிளம்பி, நகர நெரிசல் தொடங்கும் முன் வெளியேறினால், மசிண்டி வழியாகக் கிச்சும்பன்யோபோ வாயிலை முற்பகல் பதினொன்றரை வாக்கில் தொடலாம். மதியம் பாராவில் சாப்பாடு, இரண்டு மணிக்குப் படகு. மறுநாள் விடியலில் வடகரையில் வண்டியில் விலங்கு பார்ப்பது. ஒட்டகச்சிவிங்கி, சிங்கம், உகாண்டா கோப் மான் கூட்டம் எல்லாம் அந்தப் பக்கம்தான். பதினொன்றரைக்குள் ஏதாவதொரு வாயில் வழியாக வெளியேறிவிட்டால் ஒரே கட்டணம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஓட்டத்தில் அருவியின் மேல்பகுதிக்கு நேரமிருக்காது. முடிந்தால் இரண்டு கட்டணத்தையும் கட்டிவிட்டு இரண்டு இரவு தங்குங்கள். அவ்வளவு தூரம் போய் 45 டாலருக்காக அருவியின் உச்சியை விட்டுவிட்டு வருவது சரியில்லை. அங்கே நின்றால் காலடியில் பாறை அதிர்கிறது.

பொதுப்படகுக் கட்டணம் ஆளுக்குச் சுமார் 30 டாலர். உகாண்டா வனவிலங்கு ஆணையமும் படகு விடுகிறது, தனியாரும் விடுகிறார்கள். வண்டியோடு வனக்காவலர் வருவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆணையம் கட்டணப் பட்டியலை அவ்வப்போது மாற்றும், கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் கடைசிப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாயிலில் ரொக்கம் வாங்குவதை ஆணையம் தவிர்க்கிறது. கார்டு வேண்டும், இல்லையென்றால் உங்கள் ஓட்டுநரின் ‘மொபைல் மணி’ என்ற கைப்பேசிப் பணக் கணக்கு வழியாகக் கட்ட வேண்டும்.

6. டாலர் நோட்டைப் பார்த்து வாங்குங்கள்

டாலரை இங்கேயே மாற்றிக்கொண்டு போகும்போது நூறு, ஐம்பது டாலர் நோட்டுகளாகக் கேளுங்கள். கம்பாலாவில் சின்ன நோட்டுக்கு மாற்று விகிதம் குறைவு. பழைய நோட்டுகளை, கிழிசல், பேனாக்கிறுக்கல், முத்திரை உள்ளதை வாங்கவே மாட்டார்கள். 2013-க்குப் பிறகு அச்சான நோட்டாகப் பார்த்து எண்ணி வாங்குங்கள். கவுன்ட்டரில் நின்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். விமான நிலையத்தில் கொஞ்சம் மட்டும் மாற்றிவிட்டு மீதியைக் கம்பாலாவில் மாற்றுங்கள். வழியில் சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் உள்ளூர் ஷில்லிங்தான் கைகொடுக்கும். சப்பாத்திக்குள் ஆம்லெட்டைச் சுருட்டித் தருகிற ‘ரோலெக்ஸ்’ தெருவோரத்தில் எங்கும் கிடைக்கும், நம் நாக்குக்கு ஒத்துவரும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் விடுதிக்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள்.

7. மலேரியாவும் மூட்டை முடிச்சும்

உகாண்டாவில் மலேரியா உண்மையான ஆபத்து, நதிக்கரையில் இன்னும் அதிகம். மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வாங்குங்கள். அடோவாகுவோன்-ப்ரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பிய பின் ஏழு நாள் வரை. டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பின்னும் நான்கு வாரம் தொடர வேண்டும், வெயில் பட்டால் தோல் சட்டென்று கருகும். முதலாவது எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லிவைத்து வாங்க வேண்டியிருக்கும். கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள்.

உடையில் கருநீலமும் கறுப்பும் வேண்டாம். அந்த நிறங்களுக்குச் செட்ஸீ ஈ தேடி வரும், துணிக்கு மேலேயே கடிக்கும். காக்கி, வெளிர் பழுப்பு போதும். முழுக்கை சட்டை, கொசு மருந்து, தொப்பி, ஒரு பைனாகுலர். பிளக் பாயின்ட் பிரிட்டிஷ் வகை மூன்று சதுர முள், அதற்கொரு அடாப்டர். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

8. படகு நாள்

அரை மணி முன்னதாகத் துறைக்குப் போங்கள். போகும்போது இடப்பக்க இருக்கையைப் பிடியுங்கள். படகு கிழக்கே போகிறது, வடகரை இடப்பக்கம் வரும், விலங்குகள் அந்தப் பக்கம் அதிகம். கேமரா பிரியர்கள் பிற்பகல் படகையே எடுங்கள். அருவி மேற்கு பார்த்து விழுகிறது, மாலை வெயில் நேராக அதன் மேல் படும்.

முதல் அரை மணியிலேயே நீர்யானைகள் வந்துவிடும். முதலில் இரண்டு காது, பிறகு மூக்குத் துவாரம், ஒரு சீறல், உடனே மூழ்கிவிடும். இடையில் செங்குத்தான மண்கரை ஒன்றில் வழிகாட்டி படகை நிறுத்துவார். கரை முழுக்கச் சல்லடைபோல ஓட்டைகள், ஒவ்வொன்றிலிருந்தும் சிவப்புத் தொண்டைப் பஞ்சுருட்டான் எட்டிப் பார்க்கும். எல்லோரும் நீர்யானைப் பக்கமே சாய்ந்துகொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள். மேலே போகப் போகத் தண்ணீரில் வெள்ளை நுரைக்கட்டிகள் மிதந்து வரும். அருவி கண்ணில் படுவதற்கு நெடுநேரம் முன்பே இந்த நுரை தொடங்கிவிடும். கடைசியில் ஓட்டம் தாங்காத இடத்தில், அருவிக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாறையருகே படகு நிற்கும். அதற்கு மேல் போகாது, போகச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. கையைத் தண்ணீரில் விடாதீர்கள், முதலைகள் கரையில் மட்டும் இல்லை.

அங்கே இறங்கி மேலே ஏறிப் போகவும் ஒரு பாதை இருக்கிறது. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், செங்குத்து, வழுக்கல், சாரலில் நனைவீர்கள். அருமையான ஏற்றம். ஆனால் முன்னாலேயே சொல்லியிருந்தால்தான் வனக்காவலர் வருவார், தனிக் கட்டணமும் உண்டு. இன்னொன்று, படகு உங்களை விட்டுவிட்டுப் பாராவுக்குத் திரும்பிவிடும். உங்கள் ஓட்டுநர் வண்டியை அருவியின் மேலே கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும். இதை அவரிடம் படகு ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். மேலே சிக்னலை நம்ப முடியாது.

பறவை பார்க்கிறவர்கள் எதிர்த்திசையில், ஆல்பர்ட் ஏரிக் கழிமுகத்துக்குப் போகும் நீண்ட படகையும் விசாரியுங்கள். ஷூபில் என்ற, மரக்கட்டைக் காலணி மாதிரி அலகுள்ள பெரிய சாம்பல்நிறப் பறவையைத் தேடித்தான் அங்கே போவார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை, விடியற்காலையில் கிளம்பினால் வாய்ப்பு அதிகம். ஆள் சேராவிட்டால் முழுப் படகுக்கும் நீங்களே கட்ட வேண்டும், அதையும் முதலிலேயே கேளுங்கள்.

9. ஜின்ஜாவைச் சேர்ப்பதா?

நைல் விக்டோரியா ஏரியிலிருந்து புறப்படும் இடம் ஜின்ஜா, கம்பாலாவிலிருந்து 80 கிலோமீட்டர். சின்னப் படகில் ஊற்றுமுகம் வரை கூட்டிப்போவார்கள். ஏறும் முன் விலை பேசிவிடுங்கள். 1948-இல் காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதி இங்கே கரைக்கப்பட்டது, கரைத் தோட்டத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது.

ராஃப்டிங் வேண்டுமென்றாலும் இங்கேதான். ஒரு நாளுக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும். பயணக் காப்பீட்டில் ராஃப்டிங் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், சாதாரணப் பாலிசியில் பெரும்பாலும் இருக்காது. இந்த நீரில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி உண்டு, தோல் வழியாகவே உள்ளே போகும். தண்ணீரில் இறங்கியவர்கள் ஊர் திரும்பி ஆறு வாரம் கழித்து மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

10. திரும்பி வரும்போது

உகாண்டா மஞ்சள் காய்ச்சல் நாடு. இந்தியாவில் இறங்கும்போது சுகாதார மேசையில் அதே அட்டையை மறுபடி கேட்பார்கள். இல்லாதவர்களை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம், எந்த ஊர் வழியாகச் சுற்றி வந்தாலும் இது பொருந்தும். அட்டையைச் சரக்குப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் பாஸ்போர்ட்டோடு கைப்பையிலேயே வைத்திருங்கள். மலேரியா மாத்திரையை வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடாமல் சொன்ன நாள் வரை முடியுங்கள். அடுத்த சில மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், சாதாரணக் காய்ச்சல்தான் என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவரிடம் போய், உகாண்டா போய்வந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.